போத்தல் குலுங்காத வேகம்

எங்கள் ஆய்வுகூடத்தில் புதிய இரசாயனப் பெட்டி ஒன்றைத் திறந்தால், கம்பனி அனுப்பும் சரிபார்ப்புத் திரவத்தோடு எங்களில் ஒருவருடைய இரத்தத்தையும் வைத்துப் பார்ப்போம். நோயில்லாத ஒருவரின் இரத்தம் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது தெரியும். தாண்டினால் பெட்டியில் ஏதோ கோளாறு. அன்று என் முறை. இரத்தத்திலுள்ள சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. என் இரத்தம் எல்லையைத் தாண்டி நின்றது.

சந்தேகங்களை வழக்கம்போல் ஒரு தாளில் எழுதினேன். குழாய் மாறியிருக்கலாம். இரசாயனம் வரும் வழியில் லொறியில் சூடாகியிருக்கலாம். இயந்திரத்தைக் கழுவ வேண்டியிருக்கலாம். ஒவ்வொன்றையும் சோதித்து, ஒவ்வொன்றாக வெட்டினேன். மூன்றாவது தடவையும் அதே எண் வந்தது. தாளில் எழுதாமல் விட்ட ஒன்றுதான் மிஞ்சியது: என் உடம்பு.

மாத்தளை நகரத்திலுள்ள அந்தச் சிறிய ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேர். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இத சீனி வருத்தம்னு சொல்ல ஏலாது. கிட்ட வந்துட்டு, அவ்வளவுதான். வீட்டுல யாருக்காச்சும்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். என் அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். நான் டிப்ளோமா இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, கவ்வாத்து வெட்டிய மலையைக் குறுக்கே கடக்கையில் வெட்டிய தேயிலைக் குச்சியின் கூர் அவருடைய பாதத்தைக் கிழித்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு பதினொரு நாள் வேலைக்குப் போனார். வலிக்கவில்லை என்றார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவருக்குக் காலில் வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து என்று பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். அந்தப் பதினொரு நாளுக்குள் ஒரு சனி, ஞாயிறு வந்தது. விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், உடுப்புத் துவைத்தேன், திரும்பிப் போனேன். அம்மாவின் பாதத்தைப் பார்க்கவில்லை.

கிளினிக் டொக்டர் எனக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார். சோற்றைக் குறைக்க வேண்டும். உடம்பை அசைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் எண் ஏறியிருந்தால் மாத்திரை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

நடை போதாது என்று நானாகவே முடிவு செய்தேன். தினமும் தோட்டத்து வீட்டிலிருந்து பஸ் நிற்கும் சந்திக்கு இறங்குகிறேன், மாலையில் ஏறுகிறேன். அதையும் மீறித்தான் இந்த எண் வந்திருக்கிறது. ஆகவே ஓடுவது. அம்மாவிடம் சொன்னபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருசம் மல ஏறி எறங்கின எனக்கே வந்துச்சு. நீ ரோட்டுல ஓடி அதத் தடுத்துருவியா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சோறு, வயது, பரம்பரை, தசை எப்படிச் சீனியை எடுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு காலோடு உட்கார்ந்திருப்பவருக்கு அவையெல்லாம் பதில் ஆகாது.

ஒரு கொப்பியை எடுத்து நான்கு தலைப்புப் போட்டேன்: இடம், நேரம், சப்பாத்து, மூச்சு. எது எனக்குச் சரிவரும் என்பதைச் சோதனை செய்து கண்டுபிடிக்கலாம் என்று நம்பினேன்.

முதலில் நகரத்து மைதானம். வேலை முடிந்து உடுப்பு மாற்றி இரண்டு சுற்று ஓடுவதற்குள் மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸின் நேரம் வந்துவிடும். மூன்றாம் நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன். அம்மா இருட்டும்வரை வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருக்கிறார். இடம் என்ற தலைப்பின் கீழ் மைதானத்தை வெட்டினேன்.

பிறகு தோட்டத்து ரோடு, விடிந்தும் விடியாத நேரம். கைபேசியில் ஒரு செயலியை இறக்கினேன். அதிலுள்ள பெண் குரல் ஒரு நிமிடம் ஓடச் சொல்லும், ஒன்றரை நிமிடம் நடக்கச் சொல்லும், இப்படி எட்டு முறை. அந்தக் குரலுக்குச் சொந்தமான ஊரில் ரோடுகள் தட்டையாக இருக்க வேண்டும். எங்கள் ரோட்டில் தட்டையான இடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் மட்டும்தான். ஏற்றத்தில் ஒரு நிமிடம் ஓடினால் இரண்டாவது வளைவில் குனிந்து எச்சில் துப்பிக்கொண்டு நிற்பேன். இறக்கத்தில் ஓடினால் முழங்கால் நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் முனகும். நான்காவது வாரம் முடிந்தபோது அந்தக் குரல் என்னைப் பாராட்டியது. நான் அந்த வாரத்தின் ஒரு நாளைக்கூட முழுதாக முடித்திருக்கவில்லை.

சப்பாத்தும் சரிவரவில்லை. தடித்த அடியுள்ள ஓட்டச் சப்பாத்து, உருளும் சல்லியில் கணுக்காலை இரண்டு முறை புரட்டியது. மழை வாரத்தில் அட்டைகள் அதற்குள் குடியேறின. லயத்து வரிசை வீடுகளின் நாய்கள் நடப்பவரைத் தலைதூக்கிப் பார்ப்பதில்லை, ஓடுபவரை விடுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று எந்தத் தலைப்பின் கீழும் அடங்கவில்லை. எங்கள் மலையில் ஓடுவதற்குக் காரணம் வேண்டும். பஸ் புறப்பட்டிருக்க வேண்டும், யாருக்காவது வலி கண்டிருக்க வேண்டும், இல்லை, யாராவது இறந்திருக்க வேண்டும். என்னைக் கண்டவர்கள் எல்லாரும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்கள்.

“என்ன புள்ள, அம்மாவுக்கு ஏதுமா?”

“இல்லங்க அக்கா. அம்மா நல்லா இருக்காங்க.”

“அப்ப ஏன் ஓடுற?”

நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. சும்மா என்றுதான் சொன்னேன். சீனி என்று சொல்லவில்லை. கால் போனவளின் மகளுக்கும் வந்துவிட்டது என்ற பேச்சு லயம் லயமாகப் போவதை நான் விரும்பவில்லை. அன்றைய குறிப்பில் எழுதினேன்: கேள்வி நான்கு, நின்றது நான்கு தடவை.

ஒன்பதாவது வாரம் ஒரு புதன்கிழமை எனக்கு விடுமுறை. அன்று காலையில் எழும்பப் பிந்திவிட்டது. ஒன்பது மணிக்குத்தான் புறப்பட்டேன். இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. வெளியூரில் பிறந்தவள் செய்திருந்தால் அறியாமை. நான் அதே லயத்தில் பிறந்தவள்.

தேயிலை மலையில் குளவிக்கு எல்லாரும் பயப்படுவார்கள். மரத்திலோ பாறையிடுக்கிலோ இருக்கும் கூடு கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும். அதில் உயிர் போனவர்கள் உண்டு. ஆகவே எங்களுக்கு எழுத்துக்கு முன்பே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். குளவி வந்தால் கத்தக் கூடாது. கையில் இருப்பதைத் தலைமேல் போட்டு மூடிக்கொண்டு ஓட வேண்டும். யாராவது அப்படி ஓடிவருவதைக் கண்டால் என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, கூடையைப் போட்டுவிட்டு நாமும் ஓட வேண்டும்.

அன்று செயலி ஐந்து நிமிடம் நிற்காமல் ஓடச் சொன்னது. வெயில் சுட்டதால் துவாயைத் தலையில் போட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். வளைவு திரும்பி இறக்கத்தில் வேகம் கூடியது. ரோட்டுக்குக் கீழே மலையில் இருபது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கணம் அவருடைய கூடை உருண்டது. பிறகு எல்லாக் கூடைகளும். ஒரு சத்தமும் இல்லை. இருபது பேரும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவித் தலையில் போட்டுக்கொண்டு நிரைகளுக்கு நடுவே கீழே பாய்ந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? அவர்கள் குளவியைக் கண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். துவாயை இன்னும் இறுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். அவர்கள் என்னைப் பார்த்து ஓடினார்கள், நான் அவர்களைப் பார்த்து ஓடினேன்.

மடுவத்தடியில்தான் எல்லாரும் நின்றோம். மூச்சு வாங்கி முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“எத்தன கொட்டுச்சு புள்ள? எங்க, காட்டு.”

“எனக்குக் கொட்டல அக்கா. நீங்கதானே குளவியப் பாத்தீங்க?”

“நாங்க எங்க பாத்தோம்? ஒன்னையத்தான் பாத்தோம்.”

“நான்… நான் சும்மா ஓடினேன்.”

ஒருவர் தலையிலிருந்த சாக்கை இறக்கினார். “சும்மாவா? அடியே, சும்மா யாராச்சும் தலைய மூடிக்கிட்டு ஓடுவாங்களா?”

“டவுன்ல படிச்ச புள்ள. அங்க சும்மா ஓடச் சொல்லிக் குடுத்திருப்பாங்க.”

“என் கொழுந்து பூராவும் தண்ணி ஓடுற கான்ல கெடக்கு. அதையும் வந்து பொறுக்கச் சொல்லுங்க, ஓட்டம் மிச்சமிருந்தா.”

சிரித்தார்கள். பயம் போன பிறகு வரும் பெரிய சிரிப்பு. கங்காணி வந்து, வேலை நேரத்தில் இனி இந்த ரோட்டில் என்னைக் காணக் கூடாது என்று சத்தம் போட்டார். அவரையும் சேர்த்துச் சிரித்தார்கள். பிறகு யாரோ எண்ணிப் பார்த்து ஒருவர் குறைவதாகச் சொன்னார்.

இரண்டு பேர் தோள்கொடுத்து அவரைக் கூட்டிவந்தார்கள். அம்மாவுக்கு அடுத்த நிரையில் பல வருடம் கொழுந்து எடுத்தவர். நான் அத்தை என்று கூப்பிடுபவர். பக்கத்து மலை புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலை. அதற்குள் பாய்ந்து கானில் விழுந்திருக்கிறார். செருப்பு எங்கோ போய்விட்டது. இடது பாதத்தின் ஓரம் கிழிந்து, மண்ணும் இரத்தமும் ஒன்றாகியிருந்தன.

அவருக்கும் சீனி வருத்தம் என்பது எனக்குத் தெரியும். மாதா மாதம் நகரத்துக்கு வந்து எங்கள் ஆய்வுகூடத்தில்தான் இரத்தம் கொடுப்பார். அவருடைய எண்கள் எனக்கு மனப்பாடம்.

மண்டியிட்டு அந்தப் பாதத்தைக் கையில் எடுத்தேன். “வலிக்குதா அத்த?”

“இல்ல புள்ள,” என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். “வலியே இல்ல. நீ ஏன் அழுற?”

அன்றே முச்சக்கரவண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கழுவி, முள் எடுத்து, ஊசி போட்டார்கள். தினமும் கட்டு மாற்ற வேண்டும், ஒரு நாளும் தவறக் கூடாது, காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அவர் இருப்பது தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிசனில். தோட்டத்து மருந்தகம் கீழே. ஊன்றாமல் அவர் எப்படி இறங்குவார்? காயத்தைக் கழுவிக் கட்டும் முறையை அங்கிருந்த தாதி எனக்குப் படிப்படியாகக் காட்டினார். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“என் காலை நான் யாருக்கும் காட்டல,” என்றார் அவர். “அவளும் காட்ட மாட்டா. கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. நீ போய் உன் கண்ணால பாரு.”

எங்கள் லயத்திலிருந்து மேல் டிவிசனுக்கு இரண்டு கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். எனது பஸ் ஏழு மணிக்குச் சற்று முன்னால். நடந்து போய்க் கட்டு மாற்றி நடந்து வந்தால் பஸ் போய்விடும். கணக்கு எளிது. வெளிச்சம் வரத் தொடங்கியதும் புறப்பட வேண்டும், ஓட வேண்டும்.

இனி ஓடவே கூடாது என்று முதல்நாள் முடிவு செய்திருந்தேன். அடுத்த நாள் காலையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

முதுகுப்பையில் கட்டுத் துணி, பஞ்சு, ஒட்டும் நாடா, சீனி பார்க்கும் சிறு கருவி, உப்புநீர்ப் போத்தல். போத்தல்தான் தொல்லை. வேகம் கூடினால் அது முதுகெலும்பில் இடிக்கும். துணி சுற்றிப் பார்த்தேன், பக்கம் மாற்றி வைத்துப் பார்த்தேன், இடித்தது. கடைசியில் அது குலுங்காத அளவுக்கு என் வேகத்தைக் குறைத்தேன். நடையைவிடக் கொஞ்சம்தான் கூட. பார்ப்பவர் அதை ஓட்டம் என்று சொல்வாரா தெரியாது. ஆனால் இரண்டாவது வளைவில் நான் நிற்கவில்லை. சப்பாத்தும் மாறியது. அட்டை புகுந்தால் காயத்தைத் தொடும் கைகளை மறுபடி கழுவ வேண்டும் என்பதால், பள்ளிக்கூட நாளின் மெல்லிய கன்வஸ் சப்பாத்தைத் தேடியெடுத்து, நீளக் காலுறையோடு போட்டேன். அடி மெல்லியது, சல்லி உருள்வது பாதத்துக்கு முதலிலேயே தெரிந்துவிடும். செயலியைத் திறக்க நேரமில்லை. அழிக்கவும் நேரமில்லை.

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளைக் காயத்துக்கு மேலே பிடித்து, மூன்று நாளைக்கு ஒரு முறை அதன் ஓரத்தைப் பேனையால் வரைந்தேன். அடுத்த தாளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் காயம் சுருங்குகிறதா என்று தெரியும். முதல் இரண்டு வாரம் தெரிந்தது. மூன்றாவது வாரம் இரண்டு தாளிலும் கோடு ஒன்றின்மேல் ஒன்றாக நின்றது. அடுத்ததில் கோடு வெளியே போயிருந்தது. ஓரத்தில் சாம்பல் நிறம்.

அன்று வேலைக்குப் போகவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. செத்த தசையை வெட்டியெடுத்து, மருந்தை மாற்றினார்கள். இன்னும் ஒரு கிழமை பார்க்கலாம், அதற்குமேல் விரலை வைத்திருக்க முடியாமல் போகலாம் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அத்தை, “என்னவாம்?” என்று கேட்டார்.

“ஒரு கிழம பாக்கணுமாம்.”

“ஒங்கம்மாவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க,” என்றார்.

அந்த வாரத்தின் ஏழு காலைகளிலும் நான் வேறெதையும் எண்ணவில்லை. மூச்சையோ, நேரத்தையோ, முழங்காலையோ எழுதவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மேல் லயத்து முதல் கதவைக் கண்டபோதுதான் கீழேயிருந்து ஒரு இடத்திலும் நடக்காமல் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டதாக ஞாபகமில்லை. நேராகப் போய்க் கட்டை அவிழ்த்தேன்.

ஏழாம் நாள் கோடு உள்ளே வந்தது. ஓர் அரிசி அகலம். ஓரத்தில் இளஞ்சிவப்பு.

அன்று கட்டுப் போட்டு முடித்ததும் அத்தை கேட்டார். “நெசமா சொல்லு புள்ள, அன்னைக்கு ஏன் ஓடுன?”

“எனக்கும் சீனி கூடுது அத்த. அம்மா மாதிரி ஆயிருவேனோன்னு பயம்.”

தோட்டத்தில் அம்மாவைத் தவிர யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

“இந்த வயசுலயா? மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏன்டி ஓடப் போறோம்?” என்றார் அத்தை. எழும்ப முயன்றவரை நான் உட்கார வைத்தேன். “அந்த அடுப்புல பிளேன்டீ இருக்கு. ஊத்திக் குடி. சீனி போடாததுதான், எனக்கு வச்சது.”

இரண்டு நாளில் பேச்சு எல்லா லயத்துக்கும் போயிருந்தது. பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. யாரும் வாளியைக் கீழே வைக்கவில்லை, யாரும் என்னை நிறுத்தவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னது காதில் விழுந்தது. “அது சீனிக்கு ஓடுற புள்ள. வழிய விடு.” எங்கள் மலையில் ஓடுவதற்குக் காரணம் வேண்டும். என்னிடம் இருந்தது. நான்தான் மறைத்து வைத்திருந்தேன்.

இன்னும் மூன்று மாதம் போய்த்தான் காயம் மூடியது. அதே வாரம் எனது ஆறு மாதத் தவணையும் முடிந்தது. இந்த முறை என் இரத்தத்தை நானே பார்க்க விரும்பவில்லை. ஆய்வுகூடத்து அக்கா இயந்திரத்தில் வைத்தார். எண் இறங்கியிருந்தது. எல்லைக்குள் வரவில்லை, கோட்டுக்கு மிக அருகே அந்தப் பக்கமாக நின்றது. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். சோதனையில் பிழையில்லை. டொக்டர் மாத்திரை எழுதவில்லை, இன்னும் ஆறு மாதம் என்றார்.

அம்மா காத்திருந்தார். “எறங்கிருச்சா?”

“கொஞ்சம். இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கந்தான்.”

“மாத்திர?”

“இப்ப வேணாமாம்.”

அவர் தலையை ஆட்டினார். சரி என்பதா, பார்க்கலாம் என்பதா என்று புரியவில்லை.

அதன் பிறகு இரண்டு நாள் நான் போகவில்லை. கட்ட வேண்டிய காயம் இல்லை. விழித்திருந்தும் போர்வைக்குள் கிடந்தேன். போவதற்கு ஒரு வீடு இல்லாமல் என்னால் ஓட முடியாதோ என்ற எண்ணம் அந்த இரண்டு காலைகளிலும் என்னை விடவில்லை. இன்னொரு ஆறு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகும் வருடங்கள் இருக்கின்றன.

மூன்றாம் நாள் அம்மா ஊன்றுகோலால் என் கட்டில் காலைத் தட்டினார்.

“எழும்பு. அவ இன்னைக்குத்தான் வேலைக்கு எறங்குறா. புதுத் தோலு. செருப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு அவளுக்குத் தெரியாது. பிரட்டுல பேரு குடுக்குறதுக்கு முந்திப் பாத்துட்டு வா.”

“அவங்களே பாத்துக்குவாங்க அம்மா.”

“பாக்க மாட்டா,” என்றார் அம்மா. “எனக்குத் தெரியும். நீ தெனமும் போ.”

பை இல்லாமல் ஓடினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேகத்தைக் கூட்டத் தோன்றவில்லை. மேல் டிவிசன் லயத்துக் கோடியில் அத்தை கொழுந்துக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இடது பாதத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார்.